வண்டி போச்சு, படம் இருக்கு
(வாசகர் கேள்வி – பதில்)

போன மாதம் இந்தப் பகுதியில், "பழைய மின்சார ரயில், ட்ராம் படங்கள் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், என்ன ஏது என்று எழுதிக் கேளுங்கள்" என்று நாலு வரி எழுதினேன். அன்றிலிருந்து எல்லீஸ் நகர் தபால்காரர் என்னைக் கண்டாலே முறைக்கிறார். நான் போட்டோகிராபர் கிடையாது. மதுரையில் 38 வருஷம் ட்ரெய்ன் லைட்டிங் பிட்டராக, பெட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து பெல்ட்டும் டைனமோவும் பார்த்த ஆள். தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

சோழவந்தான் வாசகி: ட்ரங்குப் பெட்டியில் தாத்தாவின் படம் ஒன்று கிடைத்தது. ஒரு ரயில் பெட்டியை ஒட்டி நிற்கிறார். பின்பக்கம் "தாம்பரம்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. நகல் அனுப்பியிருக்கிறேன். எந்த வருஷத்துப் படம் என்று சொல்ல முடியுமா?

தாத்தாவை அப்புறம் பார்ப்போம், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில் கூரை. பெட்டியின் தலைமேல் மடக்கு நாற்காலி போல ஒரு கம்பிச் சட்டம் தெரிகிறதல்லவா? அதுதான் பாண்டோகிராஃப். நாங்கள் பாண்டோ என்போம். மேலே ஓடும் கம்பியைத் தொட்டு கரண்ட் எடுப்பது அது. ஆக, இது மின்சார ரயில். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931 மே 11-ல். அதற்கு முந்தைய படமாக இருக்க வழியில்லை.

அடுத்தது பெட்டியின் பக்கவாட்டு. எஸ், ஐ என்று இரண்டு ஆங்கில எழுத்து தெரிகிறது. மூன்றாவது எழுத்தைத் தாத்தாவின் தலைப்பாகை மறைக்கிறது. அது ஆர் தான், சந்தேகம் வேண்டாம். சவுத் இந்தியன் ரயில்வே. அந்தக் கம்பெனி வேறு இரண்டு ரயில்வேக்களோடு சேர்ந்து தென்னக ரயில்வே ஆனது 1951 ஏப்ரல் 14-ல். மறுநாளே எல்லாப் பெட்டிக்கும் புது எழுத்து எழுதியிருக்க மாட்டார்கள். பெயிண்டு டப்பா அவ்வளவு வேகமாக நகராது என்பது என் சொந்த அனுபவம். அதனால் இரண்டு மூன்று வருஷம் கூடப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான். உங்கள் படத்தில் அது குட்டையாக இருக்கிறது. 1931-ல் போட்டது 1,500 வோல்ட் டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட். 1960-களில் அதை 25,000 வோல்ட் ஏ.சி.யாக, அதாவது திசை மாறி மாறி ஓடும் கரண்டாக மாற்றினார்கள். வோல்ட் ஏறினால் பீங்கானும் நீளும். இதுவும் முந்தைய கணக்கோடு ஒத்துப்போகிறது.

ஆகக்கூடி 1931-க்கும் 1950-களின் முற்பகுதிக்கும் நடுவில். இதற்கு மேல் குறுக்க வேண்டுமென்றால், தாத்தா எந்த வருஷங்களில் மெட்ராஸ் பக்கம் இருந்தார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். என் பீங்கான் கணக்கைவிட அது துல்லியமாக இருக்கும்.

இன்னொன்று. தாத்தாவின் தோளுக்குப் பின்னால் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே இருக்கையின் பலகைகளை ஒன்று, இரண்டு என்று எண்ண முடிகிறது. படம் எடுத்தவர் அதைக் கவனித்தே இருக்க மாட்டார். நான் லென்ஸ் வைத்துப் பார்த்து இரண்டு நாள் அதிலேயே கிடந்தேன்.

தெற்கு மாசி வீதி வாசகர்: மதுரையில் ட்ராம் ஓடியதாக என் பெரியப்பா அடித்துச் சொல்வார். உண்மையா?

இல்லை. மெட்ராஸில் பார்த்ததை மதுரைக் கணக்கில் எழுதிவிட்டார். அங்கே மின்சார ட்ராம் 1895 மே 7 முதல் 1953 ஏப்ரல் 12 வரை ஓடியது. இந்தியாவிலேயே முதல் மின்சார ட்ராம் அதுதான். நம் மாசி வீதியில் சித்திரைத் தேர் திரும்புவதற்கே எத்தனை பேர் கட்டை போட வேண்டியிருக்கிறது! ட்ராம் வேறயா?

மேலூர் மாணவர்: கரண்டுக்கு இரண்டு கம்பி வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. பழைய ட்ராம் படத்தில் ஒரே கம்பிதான் இருக்கிறது. இன்னொன்று எங்கே?

தண்டவாளம்தான் தம்பி இன்னொன்று. மேல்கம்பியில் வரும் கரண்ட் மோட்டாருக்குள் போய், சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிப் போகும். மெட்ராஸில் ஆரம்பத்தில் மேல்கம்பியே கிடையாது. தெருவுக்கு அடியில் ஒரு வாய்க்கால் மாதிரி வெட்டி, அதற்குள் கரண்ட் கம்பியை வைத்திருந்தார்கள். ஐப்பசி மழை அதற்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். அப்புறம்தான் மேலே கம்பி கட்டினார்கள்.

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். ட்ராம் கூரையில் நீளமாக ஒரு கழி சாய்ந்து நிற்கும். அது எப்போதும் வண்டி போகும் திசைக்கு எதிர்ப்பக்கம்தான் சாயும். மாட்டின் வால் மாதிரி. கடைசி நிறுத்தம் வந்ததும் கயிற்றைப் பிடித்துக் கழியை இறக்கி, சுற்றிக் கொண்டுபோய் மறுபக்கம் மாட்டுவார்கள். ஆகவே அசையாத படத்தைப் பார்த்தே வண்டி எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்று சொல்லிவிடலாம். உன் வகுப்பில் பந்தயம் கட்டு, ஜெயிப்பாய்.

திண்டுக்கல் வாசகர்: வெளிநாடுகளில் துருப்பிடித்த ட்ராம் பெட்டிகளைத் தூக்கி வந்து, வருஷக்கணக்காகச் செப்பனிட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து வைக்கிறார்களாம். பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியதற்கு ஏன் இந்தப் பாடு?

நானும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு படத்தைப் பார்க்கும் வரை. அமெரிக்காவில் மினியாபொலிஸ் என்று ஒரு ஊர். 1954-ல் அங்கே ட்ராமை நிறுத்திவிட்டு பஸ் விட்டார்கள். அந்த வருஷத்துப் படம் அது. பின்னால் ஒரு ட்ராம் பெட்டி கொழுந்துவிட்டு எரிகிறது. மரப் பெட்டிகளைக் கொளுத்திவிட்டுச் சாம்பலில் இரும்பையும் செம்பையும் பொறுக்குவது அப்போதைய வழக்கம். முன்னால் கோட்டு சூட்டுப் போட்ட இரண்டு பேர். ஒருவர் மற்றவரிடம் செக் கொடுக்கிறார், அவர் வாங்கிக்கொள்கிறார். கல்யாண வீட்டில் மொய் வாங்குவது மாதிரி முகம். அந்த இருவரில் ஒருவர் சில வருஷம் கழித்து மோசடி வழக்கில் தண்டனை பெற்றார் என்பது உபரிச் செய்தி.

அந்த நெருப்புக்குத் தப்பிய மரப் பெட்டிகள் இரண்டே இரண்டு. அதில் 1300 என்ற எண்ணுள்ளதை ஊர்க்கார ரயில் பிரியர்கள் வைத்துக்கொண்டார்கள். பிற்பாடு அதைச் சரிசெய்து, அதே ஊரில் ஏரிக்கரையோரம் ஒரு துண்டுப் பாதையில் ஓட்டுகிறார்கள். மற்றொன்றை மெய்ன் மாநிலத்தில் கென்னபங்க்போர்ட் என்ற ஊரிலுள்ள ட்ராம் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது.

அந்த அருங்காட்சியகம் பிறந்ததே ஒரு கதை. 1939-ல் சில இளைஞர்கள் கூடி, பக்கத்து ஊரில் ட்ராம் நிற்கப்போகிறது என்று கேள்விப்பட்டு, 31 என்ற எண்ணுள்ள திறந்த பெட்டியை 150 டாலருக்கு வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் எங்கே நிறுத்துவது என்ற கவலை! ஒரு வயலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இங்கிலாந்தில் 1948-ல் சவுத்தாம்ப்டன் ஊரின் 45-ஆம் எண் ட்ராமை இதே மாதிரி 10 பவுனுக்கு வாங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் கிரிச் ஊரின் ட்ராம் அருங்காட்சியகம். 1953-ல் இலினாய்ஸில் பத்துப் பேர் ஆளுக்கு 100 டாலர் போட்டு, இண்டியானா ரயில்ரோடு 65 என்ற பெட்டியை மீட்டார்கள். நம் ஊர் ஏலச்சீட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சீட்டு எடுத்தவர் யாருமில்லை. அந்த 65 கட்டப்பட்ட வருஷம் 1931. நம் தாம்பரம் மின்சார ரயிலுக்குச் சமவயது.

சரி, படத்துக்கு வருகிறேன். ட்ராம் நின்றதும் பல பெட்டிகளின் சக்கரத்தையும் மோட்டாரையும் கழற்றிக்கொண்டு, வெறும் கூட்டை விற்றார்கள். வாங்கியவர்கள் அதைக் கோழிக்கூண்டாகவும் கொட்டகையாகவும் குடியிருக்கும் வீடாகவும் ஆக்கினார்கள். ஐம்பது வருஷம் கோழி அடைந்த பெட்டியை மீட்டு எடுத்தால், உள்ளே இருக்கை இருக்காது, கைப்பிடி இருக்காது, விளக்கு எங்கே தொங்கியது என்றே தெரியாது. அப்போது ஒரே சாட்சி பழைய படம்தான். எவனோ ஒரு பையன் தன் தங்கச்சியை ட்ராம் படியில் உட்கார வைத்து எடுத்த படத்தில் அந்தப் படியின் அகலமும் கைப்பிடியின் வளைவும் இருக்கும். அதைப் பார்த்து அளவெடுத்துப் புதிதாகச் செய்வார்கள்.

செப்பனிடும்போது எடுக்கும் படம் வேறு கதை. நல்ல பட்டறையில் ஒரு சாமானைக் கழற்றுமுன் சீட்டுக் கட்டி, எண் எழுதி, படம் எடுத்துவிட்டுத்தான் ஸ்பேனரை வைப்பார்கள். இந்த வேலை மூன்று நாலு வருஷம் நீளும். தொடங்கியவர் முடிக்கும்போது இருப்பாரா என்பதே நிச்சயமில்லை. எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று அடுத்து வருபவருக்குச் சொல்ல அந்தப் படத்தை விட்டால் வேறு ஆள் கிடையாது. நான் டைனமோ கழற்றிய காலத்தில் இதையெல்லாம் செய்ததில்லை. மனசில் வைத்துக்கொள்வேன். மறுநாள் லீவு போட்டுவிட்டால், எனக்குப் பதில் வந்தவர் என்னைத் திட்டியபடி தேடுவார்.

திருப்பரங்குன்றம் வாசகி: மாமனார் வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் ட்ராம் கன்னங்கரேல் என்று இருக்கிறது. நிஜமாகவே கறுப்பு வண்டியா?

உங்கள் வீட்டில் பாட்டி காலத்துக் கல்யாணப் படம் இருந்தால் எடுத்து அதைப் பக்கத்தில் வையுங்கள். நெற்றியில் குங்குமம் எப்படித் தெரிகிறது? மைப்பொட்டு மாதிரிக் கறுப்பாக இருக்கும். அந்தக் காலத்து பிலிமில் பல சுருளுக்குச் சிவப்பே தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். வானம் சுண்ணாம்பு அடித்த சுவராக இருக்கும். அதனால் கறுப்பு ட்ராம் பெரும்பாலும் சிவப்போ, செம்பழுப்போ.

நிறத்தைக் கண்டுபிடிக்க, செப்பனிடுபவர்கள் படத்தை மட்டும் நம்புவதில்லை. பெட்டியில் வெயில் படாத ஒரு மூலையைத் தேடி, உப்புத்தாளால் வட்டமாகத் தேய்ப்பார்கள். வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கினால் வளையம் வளையமாகத் தெரியுமே, அதுபோல ஒவ்வொரு காலத்துப் பெயிண்டும் ஒரு வளையமாக வெளியே வரும். நடு வட்டம்தான் முதல் பூச்சு. எந்த வளையம் எந்த வருஷத்துக்கு என்று சொல்ல மறுபடி படத்திடம்தான் போக வேண்டும்.

திருமங்கலம் வாசகர்: மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) காலத்தில் மதுரையிலிருந்து மெட்ராஸ் போகும்போது விழுப்புரத்தில் எஞ்சின் மாற்றுவார்களே, ஏன்? அதற்குப் படம் ஏதும் இருக்கிறதா?

மேல்கம்பி விழுப்புரம் வரைதான் வந்திருந்தது. அதற்குத் தெற்கே நமக்குக் கரியும் டீசலும்தான். விழுப்புரத்தில் எஞ்சினைக் கழற்றிவிட்டு, மின்சார எஞ்சினை மாட்டுவார்கள். ஒய்.ஏ.எம்.-1 என்று பெயர். ஜப்பானில் மிட்சுபிஷி செய்தது, 1960-களின் நடுவில் வந்தது. மொத்தமே 20 எஞ்சின். ஏ.சி. மின்சாரத்தில் ஓடிய மீட்டர்கேஜ் எஞ்சின் நாட்டில் வேறெங்கும் கிடையாது. மாற்றும் நேரத்தில் நாமெல்லாம் காபிக்கு ஓடியதால் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன், எடுத்தேன். அதுதான் வயிற்றெரிச்சல். 1970-களின் கடைசியில் ஒரு பகல் வண்டியில் போனபோது, இரவல் வாங்கிய அக்ஃபா கிளிக் கேமராவில் 12 படமும் எஞ்சின் மாற்றுவதையே எடுத்துத் தீர்த்தேன். சுருள் முடியவும் ஓர் அதிகாரி வந்து தோளைப் பிடிக்கவும் சரியாக இருந்தது. அப்போதெல்லாம் ஸ்டேஷனில் அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது. "நானும் ரயில்வேதான் சார்" என்றேன். "அப்போ உனக்கே தெரிய வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு, கேமராவின் முதுகைத் திறந்து வெயிலில் காட்டித் திருப்பிக் கொடுத்தார். சட்டப்படி அவர் பக்கம்தான் நியாயம். இருந்தாலும் இன்று வரை எனக்கு ஆறவில்லை.

சுருளின் வெளிச்சுற்றெல்லாம் வெளிச்சம் பட்டுப் போய்விட்டது. உள்சுற்றில் இருந்த முதல் படம் மட்டும் பிழைத்தது. கேமரா வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகக் குனிந்து கைபோன போக்கில் தட்டிய படம் அது. எஞ்சினும் பெட்டியும் கோத்திருக்கும் கொக்கி. மேலே எஞ்சின் எண்ணில் பாதி. ஓரத்தில் பாயிண்ட்ஸ்மேனின் (வண்டி கோக்கும் ஊழியரின்) வலது கை, அதில் ஒரு சிவப்புக் கொடி, அதுவும் கறுப்பாகத்தான் இருக்கிறது. வெகுகாலம் அதைப் பார்த்து நொந்துகொண்டேன். இப்போது மீட்டர்கேஜ் கொக்கி எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் அதைத்தான் காட்டுகிறேன்.

உசிலம்பட்டி வாசகர்: ஆல்பத்தில் படங்கள் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கின்றன. நெகட்டிவ் டப்பாவைத் திறந்தால் புளித்த வாடை. என்ன செய்வது?

முதல் வேலை, பிய்க்காதீர்கள். ஆல்பத்தோடு வைத்தே ஸ்கேன் செய்துவிடுங்கள். அப்புறம், படத்தின் முகத்தில் தாள் ஒட்டாமல் முதுகு மட்டும் பசையில் ஒட்டியிருந்தால், மெல்லிய நைலான் நூலைப் பின்னால் விட்டு அறுப்பது போல மெதுவாக இழுத்துப் பார்க்கலாம். முகமே ஒட்டியிருந்தால் விஷயம் தெரிந்தவர் கையில் கொடுங்கள், நீங்கள் தொட வேண்டாம்.

புளித்த வாடை என்றால் பிலிமின் அடித்தாளே சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வினிகர் வாடை அது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கும் பரவும். கெட்டதைப் பிரித்து வைத்து, முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள். மற்றவற்றைக் காகித உறையில் போட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான அலமாரியில் வையுங்கள். பரண் வேண்டவே வேண்டாம். சித்திரை மாதத்தில் நம் பக்கத்து மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரணில் அப்பளம் காயப்போடலாம்.

பின்பக்கம் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல். நான் ஒரு தடவை பால்பாயிண்ட் பேனாவில் பெரிய எழுத்தாக "தாம்பரம் கார் ஷெட்" (மின்சார ரயில் பெட்டிகளை நிறுத்திப் பழுது பார்க்கும் இடம்) என்று எழுதிவைத்தேன். எழுத்து முன்பக்கம் புடைத்துக்கொண்டு வந்து, படத்தில் நின்ற என் சக பிட்டரின் நெற்றியில் இன்றைக்கும் "ரம்" என்று இடவலம் மாறித் தெரிகிறது. அவர் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவரில்லை.

விருதுநகர் வாசகர்: நம் நாட்டில் இந்த மாதிரிப் பழைய மின்சார வண்டிகளை எங்கே பார்க்கலாம்?

டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில். தாம்பரம் பாதைக்கென்று 1930 வாக்கில் இங்கிலாந்திலிருந்து வந்த நாலே நாலு டி.சி. எஞ்சின்களில் 21900 எண்ணுள்ளது அங்கே நிற்கிறது. நம் பக்கத்து எஞ்சினைப் பார்க்க டெல்லி போக வேண்டியிருக்கிறது, என்ன செய்ய. சென்னையில் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பக்கத்தில் 2002-ல் திறந்த ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய பெட்டிகள் பார்க்கக் கிடைக்கும், பிள்ளைகளோடு போகலாம். ட்ராம் என்றால் கல்கத்தாதான். எஸ்பிளனேடில் ஒரு பழைய ட்ராமையே அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள்.

பழங்காநத்தம் வாசகி: என் அப்பா மெட்ராஸில் மின்சார ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். இறந்து ஆறு வருஷமாகிறது. அவர் எடுத்த படங்கள் நாற்பது போல இருக்கின்றன. எல்லாம் சக்கரம், வயர், ஸ்விட்ச். மனிதர் முகம் ஒன்றுகூட இல்லை. பழைய பேப்பர்காரருக்குப் போடலாம் என்று தம்பி சொல்கிறான். வைத்துக்கொள்வதில் பிரயோஜனம் உண்டா?

தம்பியிடம் சொல்லுங்கள், கையை வைக்க வேண்டாம் என்று.

நீங்கள் அனுப்பிய மூன்றில் ஒன்றைச் சொல்கிறேன். டிரைவர் கைப்பிடியின் மூடி கழற்றியிருக்கிறது. உள்ளே வரிசையாகச் செப்புப் பட்டைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் சாக்பீஸால் 1, 2, 3 என்று எழுதியிருக்கிறது. ஆறாவது பட்டை மட்டும் கருகியிருக்கிறது, அதைச் சுற்றி ஒரு வட்டம். ஓரத்தில் அரை அடி ஸ்கேல் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார், அளவு தெரியட்டும் என்று. பொழுதுபோக்குக்கு எடுத்த படமில்லை அம்மா இது. அப்பா கழற்றுமுன் எடுத்திருக்கிறார். கடல் தாண்டி இருக்கிற பட்டறைக்காரர்கள் செய்வதாக மேலே அளந்தேனே, அதே வேலையை ஒருவர் இங்கே, சம்பளத்தில் பிலிம் வாங்கி, யாரும் கேட்காமல் செய்திருக்கிறார்.

படங்கள் இப்போது எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதைக் கலைக்காதீர்கள். அடுக்கிய வரிசைதான் அவர் கழற்றிய வரிசையாக இருக்கும். உறையில் ஏதாவது கிறுக்கியிருந்தால் உறையையும் சேர்த்து வையுங்கள். பத்திரிகை அலுவலகத்தில் உங்கள் விவரம் இருக்கிறது, வாங்கிக்கொள்கிறேன். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பீர்களா? லென்ஸ், காகித உறை, பென்சில் எல்லாம் நானே கொண்டுவருகிறேன். தம்பியையும் இருக்கச் சொல்லுங்கள், நாற்பதுக்கும் எண் போட ஒரு ஆள் வேண்டும்.